ஹாம்லெட்டைப் படிக்க எந்த வழி நல்லது?

ஆங்கில இலக்கியம் எடுத்த மாணவர்கள் ‘ஹாம்லெட்’ நாடகத்தை ஒரு தடவை எப்படியோ படித்து முடித்துவிடுகிறார்கள். அப்புறம்தான் திணறல் ஆரம்பிக்கிறது. பரீட்சைக்கோ கருத்தரங்குக் கட்டுரைக்கோ இதை எப்படிக் கையாள்வது? பாத்திரங்களை ஒவ்வொருவராக எடுத்துக் குணநலன் எழுதுவதா? பழி, பைத்தியம், சாவு, அழுகல் என்று கருப்பொருள்களாகப் பிரித்துக்கொள்வதா? அதே வகையைச் சேர்ந்த இன்னொரு நாடகத்தோடு வைத்துப் பார்ப்பதா? நான்காவதாக ஒரு வழியும் இருக்கிறது. இந்த நாடகத்துக்குள்ளேயே தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களை ஒருவர் பக்கத்தில் ஒருவராக நிறுத்திப் பார்ப்பது. என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் யார் படிக்கிறார்கள், எதற்காக, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறும். மற்ற மூன்றையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

கதை மறந்துபோனவர்களுக்காக நாலு வரி. டென்மார்க் அரசர் இறந்துபோகிறார். அவர் தம்பி கிளாடியஸ் அரியணை ஏறி, அண்ணி கெர்ட்ரூடையும் மணந்துகொள்கிறான். இறந்த அரசரின் ஆவி மகன் ஹாம்லெட்டின் முன் வந்து, தோட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்த தன் காதில் தம்பி நஞ்சை ஊற்றிக் கொன்றதைச் சொல்லி, பழிவாங்கச் சொல்கிறது. ஹாம்லெட் பைத்தியம்போல் நடிக்கிறான். அரண்மனைக்கு வந்த நடிகர்களைக் கொண்டு ஒரு நாடகம் போட்டுச் சித்தப்பாவைச் சோதிக்கிறான். திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த அமைச்சர் பொலோனியஸை, ராஜா என்று நினைத்துக் குத்திவிடுகிறான். கடைசிக் காட்சியில் வாள்சண்டை, நஞ்சு, மேடையில் நாலு பிணம். ஷேக்ஸ்பியர் இதை எழுதியது 1600ஐ ஒட்டி.

பாத்திரம் வழியாக

பழைய வழி இது, இன்றும் அதிகம் புழங்குவது. 1904இல் அச்சேறிய ஏ. சி. பிராட்லியின் விரிவுரைகள் இதற்கு ஒரு கம்பீரம் கொடுத்தன. ஹாம்லெட் ஏன் தாமதிக்கிறான் என்ற கேள்விக்கு, அவன் இயல்பிலேயே யோசித்து யோசித்துக் காலம் கடத்துகிறவன் என்று சொல்லிவிடாமல், தாயின் அவசர மறுமணம் அவனை ஆழ்ந்த மனச்சோர்வில் தள்ளியது, அந்தச் சோர்வுதான் கையைக் கட்டிப்போட்டது என்று அவர் வாதிட்டார். இன்றும் வகுப்பறையில் இந்த வாதம் எடுபடுகிறது. படிக்கிறவரும் உடனே ஒட்டிக்கொள்கிறார். நாடகத்தின் வரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஹாம்லெட்டின் வாயில்தான் இருக்கின்றன. அவ்வளவு பேசுகிற ஒருவனை விட்டுவிட்டு வேறெங்கே தொடங்குவது என்று தோன்றுவது நியாயம்தான். மேடையேற்றப்போகும் குழுவுக்கு வேறு வழியும் இல்லை. பொலோனியஸின் மகள் ஒஃபீலியாவாக நடிக்கும் பெண்ணிடம் ‘அழுகல் என்னும் கருப்பொருள்’ பற்றிப் பேசி என்ன பயன்? இந்தக் காட்சியில் இவளுக்கு என்ன வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒருவனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அவனைப் பற்றிய முத்திரை ஒன்று மனதில் விழுந்துவிடுகிறது. ‘தயங்குகிறவன்’. அதோடு நாடகத்தைத் திரும்பப் படித்தால் இடறுகிறது. திரைக்குப் பின்னால் சத்தம் கேட்டதும் யார் என்றுகூடப் பார்க்காமல் வாளைப் பாய்ச்சுகிறவன் தயங்குகிறவனா? இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில், தன்னைக் கொல்லச் சொல்லும் ராஜ கடிதத்தைத் திருடிப் படித்து, அதற்குப் பதில் கூட வரும் பழைய நண்பர்கள் ரோசன்கிரான்ட்ஸையும் கில்டன்ஸ்டர்னையும் கொல்லும்படி வேறொன்று எழுதி, அப்பாவின் முத்திரையையும் குத்துகிறவன்? கடற்கொள்ளையர் கப்பலுக்குள் தனியாளாகத் தாவுகிறவன்? ஹாம்லெட் எல்லாவற்றுக்கும் தயங்கவில்லை. ஒரே ஒரு கொலைக்குத்தான் தயங்குகிறான். அந்த வேறுபாட்டைக் குணநலன் குறிப்பு விழுங்கிவிடுகிறது.

இன்னொன்று, மற்றவர்கள் நிழலாகிவிடுவார்கள். கைடுகளில் ஃபோர்டின்பிராஸுக்குக் கிடைப்பது இரண்டு வரி. ‘நார்வே இளவரசன். செயல் வீரன். ஹாம்லெட்டுக்கு நேர் எதிர்.’ இதில் நேர் எதிர் என்ற பகுதி எவ்வளவு ஆட்டம் காண்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

கருப்பொருள் வழியாக

பாத்திரங்களை ரத்தமும் சதையுமான மனிதர்களாக நடத்துவதைக் கிண்டல் செய்து 1933இல் எல். சி. நைட்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். லேடி மேக்பத்துக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்பதுதான் அதன் தலைப்பு. இரண்டு வருடம் கழித்து, 1935இல், கரோலின் ஸ்பர்ஜன் ஷேக்ஸ்பியரின் உவமைகளை எண்ணி வகைப்படுத்தினார். ஹாம்லெட்டில் நோய், புண், சீழ் பற்றிய உருவகங்களே ஓங்கி நிற்கின்றன என்று காட்டினார். இந்த வழியில் போகிறவருக்கு, பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் படாத இணைப்புகள் கிடைக்கும்.

காதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அரசர் செத்தது காதில் ஊற்றிய நஞ்சால். அதைச் சொல்லும் ஆவி, தன் சாவு பற்றிப் பரப்பிய பொய்க்கதையால் டென்மார்க்கின் காது முழுவதும் கெடுக்கப்பட்டுவிட்டது என்கிறது. நாலாம் அங்கத்தில் பொலோனியஸின் மகன் லேயர்டீஸ், அப்பா செத்த கோபத்தோடு பாரிஸிலிருந்து திரும்பும்போது, அவன் காதில் தொற்றை ஏற்ற முணுமுணுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறான் ஒருவன். யார்? அண்ணன் காதில் நஞ்சை ஊற்றிய அதே கிளாடியஸ். சற்று நேரத்தில் லேயர்டீஸின் காதில் ஓதப்போகிறவனும் அவன்தான். அதேபோல், ராஜா ஹாம்லெட்டைத் தன் ரத்தத்தில் ஏறிய காய்ச்சல் என்கிறான். ஹாம்லெட் பங்குக்கு, அம்மாவிடம், உண்மையை மூடி மறைப்பது புண்ணின் மேல் தோல் படர்வது மாதிரி, உள்ளே சீழ் பரவிக்கொண்டே இருக்கும் என்கிறான். நாட்டைப் பிடித்த நோய் எதிராளிதான் என்று இரு பக்கமும் நம்புகிறார்கள். இதெல்லாம் கருப்பொருள் வழி கொடுக்கும் லாபம். குறைத்து மதிப்பிட முடியாது.

நஷ்டம் என்ன? தலைப்பு போட்டு மேற்கோள்களை அடுக்கும்போது, சொன்னவன் யார் என்பது உதிர்ந்துவிடுகிறது. உனக்கு நீ உண்மையாக இரு என்று பொலோனியஸ் மகனுக்குச் சொல்லும் வரி இன்று வாழ்த்து அட்டைகளில் பொன்மொழியாக வலம் வருகிறது. அடுத்த அங்கத்தின் முதல் காட்சியிலேயே அதே பொலோனியஸ், பாரிஸில் இருக்கும் அந்த மகனை வேவு பார்க்க ரெய்னால்டோ என்ற ஆளைக் காசு கொடுத்து அனுப்புகிறான். கூடவே, மகனைப் பற்றிக் கொஞ்சம் பொய்ப்பழி சொல்லிப் பார், உண்மை வெளியே வரும் என்று பாடமும் எடுக்கிறான். ராஜாவைச் சுற்றித் தெய்வீக வேலி ஒன்று நிற்கிறது, துரோகம் எட்டிப் பார்க்கத்தான் முடியும் என்ற வரி அரசாட்சி பற்றிய கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும். பேசுகிறவன் ராஜாவைக் கொன்று ராஜாவானவன். பழிக்கு எல்லை கிடையாது என்ற வரியும் அவனுடையதுதான். அதைப் ‘பழிவாங்கல் பற்றி ஷேக்ஸ்பியர்’ என்று எழுதுகிற மாணவருக்கு மதிப்பெண் போட நான் தயங்குவேன்.

வேறொரு நாடகத்தோடு

முதுகலைக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இந்த வழி பொருந்தும். மற்றவர்களுக்கு இது கொஞ்சம் பாரம். ஒப்பிட ஏற்றது தாமஸ் கிட் 1580களின் பிற்பகுதியில் எழுதிய ‘ஸ்பானிஷ் டிராஜடி’. ஆவி, மேடைக்குள் மேடை, பைத்தியம், தாமதம், கடைசியில் பிணக்குவியல் எல்லாம் அங்கே முன்னாலேயே இருக்கின்றன. ஆனால் உறவு தலைகீழ். மகனுக்காகத் தகப்பன் பழிவாங்குகிறான். ஹீரோனிமோ ஒரு நீதிபதி. வழக்கு கொண்டுவருகிறவர்களுக்கெல்லாம் நீதி சொல்ல வேண்டிய ஆள். தன் மகன் ஹொரேஷியோவைத் தோட்டத்துக் கொடிப்பந்தலில் தொங்கவிட்டுக் கொன்றவர்கள் அரச குடும்பத்துக்காரர்கள் என்பதால், தனக்கு நீதி கேட்க மட்டும் அவனால் முடியவில்லை. கொலைகாரர் யார் என்று ரத்தத்தால் எழுதிய கடிதம் அவன் கையில் விழுகிறது. அதையும் அவன் உடனே நம்புவதில்லை. சதியாக இருக்கலாம், வேறு சாட்சி கிடைக்கட்டும் என்று காத்திருக்கிறான்.

இதைப் படித்தபிறகு ஹாம்லெட்டின் தாமதம் வேறு மாதிரித் தெரியும். ஆவி பிசாசாகக்கூட இருக்கலாம், நாடகம் போட்டு உறுதி செய்துகொள்கிறேன் என்று அவன் சொல்வது இந்த வகை நாடகத்தின் வழக்கமான நடைமுறை. மனநோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதல் அங்கத்திலேயே பழி தீர்ந்துவிட்டால் பழிவாங்கல் நாடகமே கிடையாதே. லண்டன் ரசிகர்களுக்கு ஹாம்லெட் கதையும் புதிதில்லை. 1596இலேயே தாமஸ் லாட்ஜ், ‘ஹாம்லெட், பழிவாங்கு!’ என்று சிப்பி விற்கிறவள்போல் கூவும் மேடை ஆவியைக் கேலி செய்திருக்கிறார். அந்தப் பழைய நாடகம் இன்று நம்மிடம் இல்லை. ஷேக்ஸ்பியர், பார்வையாளர்களுக்குப் பழகிப்போன ஒரு சரக்கை எடுத்து என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. அதற்குக் கிட் அவசியம். ஆனால் பத்து நாளில் பரீட்சை வைத்துக்கொண்டு இன்னொரு பழைய ஆங்கில நாடகத்தைத் தொடங்குவது வேண்டாத வேலை.

பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து

இனி என் கட்சி. நாடகத்தில் அப்பாவை வன்முறையில் இழந்த மகன்கள் நால்வர். ஹாம்லெட் தெரிந்ததுதான். லேயர்டீஸின் அப்பா பொலோனியஸை ஹாம்லெட் கொன்றான். ஃபோர்டின்பிராஸின் அப்பாவை, நார்வே அரசரை, ஹாம்லெட்டின் அப்பா ஒற்றைக்கு ஒற்றை சண்டையில் கொன்று, பந்தயமாக வைத்த நிலத்தையும் எடுத்துக்கொண்டார். நாலாவது ஆள் மேடைக்கு வருவதே இல்லை. பிர்ரஸ், கிரேக்க வீரன் அக்கிலீஸின் மகன். நடிகன் ஒருவன் ஒப்பிக்கும் டிராய் நகரக் கதையில் மட்டும் இருக்கிறான்.

பிர்ரஸிலிருந்து தொடங்குங்கள். கைடுகள் தாண்டிப்போகும் இடம் இது. நான் இந்த நாடகத்தின் திறவுகோல் என்று நினைக்கும் இடமும் இதுதான். இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. உடம்பெல்லாம் ரத்தம் உறைந்த பிர்ரஸ், டிராய் அரசர், கிழவர் பிரியமின் தலைக்கு மேல் வாளை ஓங்குகிறான். கோட்டை இடிந்து விழும் சத்தம் அவன் காதைப் பிடித்து நிறுத்துகிறது. ஓங்கிய வாள் காற்றிலேயே ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கிறது. சித்திரத்தில் எழுதிய கொடுங்கோலன்போல், விருப்பத்துக்கும் செயலுக்கும் நடுவில், ஒன்றும் செய்யாமல் நிற்கிறான். ‘ஒன்றும் செய்யவில்லை’ என்பதோடு அந்த வரி பாதியிலேயே முறிகிறது; மீதி இடம் காலி. பிறகு வாள் இறங்குகிறது. கிழவரை அவன் துண்டுதுண்டாக வெட்டுவதைப் பார்த்து, மனைவி ஹெகூபா போடும் அலறல்.

இப்போது மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சிக்கு வாருங்கள். கிளாடியஸ் மண்டியிட்டுப் பிரார்த்தனையில் இருக்கிறான். ஹாம்லெட் பின்னால் வந்து வாளை உருவுகிறான். அதே ஓங்கிய வாள், அதே நிறுத்தம். ஆனால் இங்கே வாள் இறங்கவில்லை, உறைக்குத் திரும்புகிறது. பிரார்த்தனையில் கொன்றால் இவன் நேரே சொர்க்கம் போவான், என் அப்பாவோ பாவமன்னிப்புக்கு நேரமில்லாமல் செத்தார், இவன் பாவத்தில் மூழ்கியிருக்கும் நேரம் பார்த்துக் கொன்று நரகத்துக்கு அனுப்புகிறேன் என்று கணக்குப் போடுகிறான். கருணையால் விட்டான் என்று யாராவது எழுதினால் இந்தக் கணக்கை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். அவன் போனபிறகு கிளாடியஸ் எழுந்து, என் வார்த்தை மேலே போகிறது, நினைப்பு கீழேயே கிடக்கிறது, நினைப்பில்லாத வார்த்தை சொர்க்கம் சேராது என்கிறான். அதாவது அந்தப் பிரார்த்தனை பலிக்கவே இல்லை. ஹாம்லெட் அப்போதே குத்தியிருந்தால் அவன் நினைத்த நரகமே கிடைத்திருக்கும்.

மூன்றாவதாக, நாலாம் அங்கத்தின் ஏழாம் காட்சி. அப்பாவுக்கு மகன் என்பதைச் செயலில் காட்ட என்ன செய்வாய் என்று கிளாடியஸ் லேயர்டீஸைக் கேட்கிறான். ஹாம்லெட்டின் கழுத்தை மாதா கோயிலுக்குள்ளேயே அறுப்பேன் என்கிறான் அவன். எந்தப் புனித இடமும் கொலைக்கு அடைக்கலம் ஆகக்கூடாது, பழிக்கு எல்லை கிடையாது என்று தட்டிக்கொடுக்கிறான், பிரார்த்தனையின் புண்ணியத்தில் உயிர் தப்பிய கிளாடியஸ். அசுவத்தாமனை அறிந்த நமக்கு லேயர்டீஸ் புதியவனில்லை. தகப்பனின் சாவு சொன்ன மாத்திரத்தில் எல்லா நெறியையும் கழற்றி வைத்துவிடுகிறவன் அவன். வாள்முனையில் நஞ்சு தடவும் யோசனையும் அவனுடையதே.

இந்த மூன்று இடங்களையும் அடுத்தடுத்துப் படித்தாலே பாத்திரம், கருப்பொருள் இரண்டும் ஒரே கையில் வந்துவிடுகின்றன. தயங்காமல் பழிவாங்கினால் எப்படி இருக்கும் என்பதற்கு நாடகம் இரண்டு மாதிரி காட்டுகிறது. பிர்ரஸ் கசாப்புக்காரன் ஆகிறான். லேயர்டீஸ் கொலைகாரனின் கைப்பாவை ஆகிறான். ‘ஏன் தாமதித்தான்’ என்று கேட்டுக்கொண்டிருந்த நாம், ‘தாமதிக்காதவர்கள் என்ன ஆனார்கள்’ என்று கேட்க ஆரம்பிக்கிறோம். அந்தக் கேள்விக்குப் பதில் நாடகத்திலேயே எழுதியிருக்கிறது. ஹாம்லெட்டின் மனதுக்குள் புகுந்து ஊகிக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஃபோர்டின்பிராஸ். செயல் வீரன் என்று பேர் வாங்கியவன் உண்மையில் செய்தது என்ன? டென்மார்க் மேல் படையெடுக்க ஆள் சேர்த்தான். படுக்கையில் கிடக்கும் நோயாளிச் சித்தப்பா கண்டித்ததும் பழியைக் கைவிட்டான். அந்தப் படையை வைத்துக்கொண்டு போலந்தில் ஒரு துண்டு நிலத்துக்குச் சண்டைக்குப் போகிறான். ஐந்து டுகாட் குத்தகைக்குக்கூட நான் அதை எடுக்க மாட்டேன் என்கிறான் அவனுடைய படைத்தலைவனே. சாகப்போகும் இருபதாயிரம் பேரைப் புதைக்கக்கூட அந்த இடம் போதாது என்று ஹாம்லெட்டும் சொல்கிறான். சொல்லிக்கொண்டே, இவனைப்போல் நான் இல்லையே என்று வெட்கப்படுகிறான்! பாராட்டும் பரிகாசமும் ஒரே பேச்சில் கலந்திருக்கின்றன. முடிவில் இனி என் எண்ணங்கள் ரத்தமயமாகட்டும் என்கிறான். எண்ணங்கள்தான். அந்த நேரத்தில் அவன் இங்கிலாந்துக்கு நாடு கடத்தப்பட்டுப் போய்க்கொண்டிருக்கிறான்.

பழியை விட்ட அந்த ஃபோர்டின்பிராஸ் கடைசியில் டென்மார்க்கையே பெறுகிறான், ஒரு டேனியக்காரனைக்கூடக் கொல்லாமல். இடுகாட்டுக் காட்சியில் குழிவெட்டுகிறவன் சொல்லும் ஒரு தகவலை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மூத்த ஹாம்லெட் மூத்த ஃபோர்டின்பிராஸை வென்ற அன்றுதான் இளைய ஹாம்லெட் பிறந்தான். அன்று போன நிலம், அவன் சாகும் அன்று, வட்டியும் முதலுமாகத் திரும்புகிறது.

மகன்கள் நால்வர் என்றேன். மகள் ஒருத்தியும் உண்டு. ஒஃபீலியாவுக்கும் அதே அப்பாதான் செத்தார், அதே கையால். அண்ணனுக்கு ஊர் திரண்டு ‘லேயர்டீஸ்தான் ராஜா’ என்று கோஷம் போடுகிறது. கையில் வாளும் பின்னால் கூட்டமும் இருக்கின்றன. தங்கைக்குப் பாட்டும் பூவும்தான். ‘இது என் அண்ணனுக்குத் தெரியவரும்’ என்று பைத்தியத்துக்கு நடுவில் அவள் சொல்கிற ஒரு வரி இருக்கிறது. பழி வாங்கும் பாதை அவளுக்கு இல்லை என்பதை அவள் ஒருத்திதான் தெளிவாகச் சொல்கிறாள். ஒஃபீலியாவைத் தனியாக எடுத்துக் ‘கள்ளங்கபடமற்ற பேதை’ என்று எழுதிக்கொண்டிருந்தால் இது கிடைக்காது. லேயர்டீஸின் பக்கத்தில் வைத்தால்தான் தெரிகிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஹாம்லெட் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் நிற்கிறான். கிளாடியஸுக்கு எதிரில் அவன் பழிவாங்க வந்த மகன். லேயர்டீஸின் கண்ணில் அவன் தகப்பனைக் கொன்ற பாவி. பழிவாங்க வேண்டியவனே இன்னொருவனின் பழிக்கு இலக்காவதுதான் இந்தச் சோகத்தின் அமைப்பு. ஐந்தாம் அங்கத்தில் தன் நண்பன் ஹொரேஷியோவிடம் (கிட் நாடகத்து ஹொரேஷியோ வேறு ஆள்), என் நிலைமையின் சாயலில் அவன் நிலைமையின் படத்தைப் பார்க்கிறேன் என்று ஹாம்லெட்டே ஒப்புக்கொள்கிறான். ஒப்பிட்டுப் படிக்கச் சொல்வது என் விருப்பம் மட்டுமில்லை; நாயகனே அதைத்தான் செய்கிறான்.

இந்த வழிக்கும் ஓட்டை உண்டு. கெர்ட்ரூட் இதில் சிக்குவதில்லை. அவளுக்குக் கொலை முன்பே தெரியுமா என்ற பெரிய கேள்வி அப்படியே நிற்கும். கிளாடியஸும் பாதிதான் அகப்படுவான். பிரார்த்தனைக் காட்சியில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் அவன் பேச்சைத் தனியாகத்தான் படிக்க வேண்டும்.

எந்தப் பதிப்பு

லேயர்டீஸில் தன் படத்தைப் பார்ப்பதாக ஹாம்லெட் ஒப்புக்கொள்ளும் வரி உங்கள் புத்தகத்தில் இல்லாமலும் இருக்கலாம். அச்சில் ஹாம்லெட் மூன்று வடிவங்களில் வந்தது. 1603இல் சுமார் 2,200 வரிகளோடு ஒரு சிறு பதிப்பு. 1604–05இல் சுமார் 3,800 வரிகளோடு இரண்டாவது. 1623இல், ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு வருடம் கழித்து, மொத்த நாடகங்களின் பெருந்தொகுப்பில் மூன்றாவது. ஃபோர்டின்பிராஸின் படையைப் பார்த்து ஹாம்லெட் பேசும் தனிமொழி இரண்டாம் பதிப்பில் மட்டும் இருக்கிறது. 1623 தொகுப்பில் அது கிடையாது. லேயர்டீஸில் தன் படத்தைப் பார்க்கும் வரிகளோ 1623 தொகுப்பில் இருக்கின்றன. இரண்டாம் பதிப்பில் கிடையாது. எந்த ஒன்றை மட்டும் படித்தாலும் ஒரு கண்ணாடி உடைந்துபோகிறது.

அதனால் பிள்ளைகளை ஒப்பிடும் வழியில் போகிறவர்கள் இரண்டையும் சேர்த்துத் தைத்த பதிப்பை வாங்குங்கள். கல்லூரிப் பாடப் பதிப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆர்டன் மூன்றாம் வரிசைப் பதிப்பு (2006) இரண்டாம் பதிப்பை அடிப்படையாக வைத்து, 1623க்கே உரிய வரிகளைப் பின்னிணைப்பில் தருகிறது. அடிக்குறிப்பு அபாரம், விலைதான் கடிக்கும். கெர்ட்ரூடை எழுத எடுத்தவர்கள் 1603 பதிப்பை ஒருமுறை புரட்ட வேண்டும். அதில் ராணி, கொலை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்து, மகனுக்குத் துணை நிற்பதாகவும் வாக்குக் கொடுக்கிறாள். மற்ற இரண்டிலும் இல்லாத, ஹொரேஷியோவும் அவளும் பேசிக்கொள்ளும் காட்சி ஒன்றும் உண்டு.

தமிழில் தொடங்க விரும்புகிறவர்களுக்குப் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘அமலாதித்யன்’ இருக்கிறது. பெயர்களையும் அரசவையையும் இந்தியச் சூழலுக்கு மாற்றியவர் அவர். கதையோட்டம் பிடிபட உதவும். மேற்கோள் காட்டி எழுத மூலத்துக்குத்தான் போக வேண்டும்.

யாருக்கு எது

ஒரே வாரம்தான் கையில் என்றால் மேலே சொன்ன மூன்று இடங்களையும், கூடவே நாலாம் அங்கத்தின் நாலாம் காட்சியையும் மூலத்தில் படியுங்கள். தாமதம், பழி, தகப்பன்–மகன், நீதி என்று எந்தக் கேள்வி வந்தாலும் சமாளிக்கலாம். பைத்தியம், அழுகல் போன்ற தலைப்புக்குக் கருப்பொருள் வழியில் ஒரு பக்கம் தயார் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மேற்கோளுக்குப் பக்கத்திலும் சொன்னவன் பெயரையும் கேட்டவன் பெயரையும் எழுதிவிடுங்கள். பரீட்சையே இல்லாமல் ஆசைக்குப் படிக்கிறவர் ஹாம்லெட்டைப் பின்தொடர்ந்தாலே போதும். முதல் வாசிப்பில் அவனிடம் மனதைப் பறிகொடுக்காதவர் இரண்டாம் வாசிப்புக்கு வரமாட்டார்.

படம் பார்த்துப் படிக்க நினைத்தாலும் இதே தேர்வு வரும். லாரன்ஸ் ஒலிவியரின் 1948 படம் ஆஸ்கர் வாங்கியது. அழுத்தமான கறுப்பு வெள்ளை. ஆனால் மனதைத் திடப்படுத்த முடியாத ஒருவனின் சோகக்கதை இது என்று ஆரம்பத்திலேயே குரல் கொடுத்துவிட்டு, ஃபோர்டின்பிராஸையே வெட்டிவிட்டார். பாத்திரம் வழிப் படிப்பின் கச்சிதமான விளைவு. கென்னத் பிரானாவின் 1996 படம் இரண்டு வடிவங்களையும் சேர்த்த முழுப் பிரதி, நாலு மணி நேரம். ஃபோர்டின்பிராஸ் தனிமொழி பனிவெளியில், பின்னால் படை நகர, இடைவேளைக்குச் சற்று முன் வரும். கடைசியில் நார்வே படை அரண்மனையை உடைத்துக்கொண்டு நுழைவது மட்டும் இயக்குநரின் சேர்க்கை. நாடகத்தில் அவன் அமைதியாகத்தான் வருகிறான். ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருந்தால் நான் சொல்வது கிரிகோரி கோஸின்ட்சேவின் 1964 ரஷ்யப் படம். ஃபோர்டின்பிராஸ் அதில் உண்டு, ஷோஸ்டகோவிச்சின் இசை வேறு. விஷால் பரத்வாஜின் ‘ஹைதர்’ (2014) கதையை 1995இன் காஷ்மீருக்குக் கொண்டுபோகிறது. பழி பழியைத்தான் பெற்றெடுக்கும் என்ற சொல்லை நினைத்து, நாயகன் சித்தப்பாவைக் கொல்லாமலே விட்டுவிடுகிறான். ஷேக்ஸ்பியரோடு நேருக்கு நேர் வாதாடும் முடிவு அது. அதனாலேயே நாடகத்தை முடிக்கும்வரை அதைத் தள்ளிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் பரீட்சைத் தாளில் கிளாடியஸ் உயிரோடு இருப்பான்.